மேற்பரப்பை நெளித்தால் காந்தம் திசை மாறும்: அயனிக்கற்றையும் மென்படலங்களும்

நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மல்லாய் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்வோம். வழவழப்பான ஒரு சிலிக்கான் தகட்டின் மேல் அதை 10 நானோமீட்டர் தடிமனுக்குப் படிய வைக்கிறோம். அதே கருவியில், அதே நேரத்தில், பக்கத்திலேயே இன்னொரு சிலிக்கான் தகடும் இருக்கிறது. அதன் மேலும் அதே 10 நானோமீட்டர் படிகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: இரண்டாவது தகட்டின் முகத்தில் 3 நானோமீட்டர் உயரத்துக்கு வரிவரியாக மேடுபள்ளங்கள் இருக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். ஆனால் காந்தப்புலத்தில் வைத்தால் குணம் வேறு. முதல் படலம் எந்தப் பக்கம் திருப்பினாலும் எளிதில் திரும்பும். இரண்டாவது, வரிகளின் நீளவாக்கில் சட்டென்று திரும்பும். வரிகளுக்குக் குறுக்கே திருப்ப வேண்டுமென்றால் பல மடங்கு வலுவான புலம் வேண்டும்.

உலோகம் மாறவில்லை, தடிமன் மாறவில்லை. மேற்பரப்பின் வடிவம் மட்டும்தான் மாறியது. அந்த வடிவத்தை உண்டாக்கியது ஒரு அயனிக்கற்றை. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தால் போதும், மீதியைப் போகிற போக்கில் புரிந்துகொள்ளலாம்.

காந்தத்துக்குப் பிடித்த திசை

இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற ஃபெர்ரோ காந்தப் பொருள்களில் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் நிற்கவே விரும்பும். சரி, எந்தத் திசையில்? எல்லாத் திசைகளும் சமம் என்றால் அந்தக் காந்தத்தால் பெரிய பயன் இல்லை. வன்தட்டில் ஒரு துணுக்குத் (பிட்) தகவல் பத்தாண்டு நிலைத்திருக்க வேண்டுமானால், காந்தம் ஒரு குறிப்பிட்ட அச்சை விட்டு நகராமல் இருக்க வேண்டும். உணரி ஒன்று நம்பகமாக வேலை செய்யவும் அப்படித்தான்.

காந்தம் தானாகப் போய் அமரும் அச்சை எளிய அச்சு என்கிறோம். கட்டாயப்படுத்தினால்தான் திரும்பும் அச்சு கடின அச்சு. இப்படித் திசைக்குத் திசை குணம் மாறுவதற்குப் பெயர் காந்தத் திசைச்சார்பு. மென்படலக் காந்தவியலில் பாதி வேலை இந்தத் திசைச்சார்பை நம் விருப்பத்துக்கு அமைப்பதுதான் என்பேன்.

திசைச்சார்பு பல இடங்களிலிருந்து வரலாம். படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு ஒரு காரணம். பொருளின் வடிவம் இன்னொன்று. வடிவத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன வரிகள் வேலை செய்வது அதனால்தான்.

ஒரு காந்தத்தின் காந்தமாக்கம் பொருளின் விளிம்பில் போய் முட்டும் இடத்தில் துருவங்கள் தோன்றும். ஒரு பக்கம் வடக்கு, எதிர்ப்பக்கம் தெற்கு. துருவங்கள் தோன்றினால் அவற்றுக்கிடையே பொருளுக்குள்ளேயே ஒரு எதிர்ப்புலம் எழும். அதற்கு ஆற்றல் செலவாகும். ஆகவே காந்தமாக்கம் முடிந்தவரை மேற்பரப்புக்கு இணையாகவே படுத்துக்கொள்ளப் பார்க்கும். நீண்ட ஊசியில் அது நீளவாக்கில் போவதும், தட்டையான படலத்தில் படலத்தின் தளத்துக்குள்ளேயே கிடப்பதும் இதனால்தான். துருவங்களைத் தவிர்ப்பது என்ற இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் மென்படலங்களுக்கே உரியது. ஒரு சென்டிமீட்டர் கனசதுர இரும்பில் மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் ஏறத்தாழ கோடியில் ஒன்று. அவை என்ன செய்தாலும் மொத்தக் காந்தத்துக்குத் தெரியாது. ஆனால் 2 நானோமீட்டர் கோபால்ட் படலத்தில் இருப்பதே சுமார் 10 அணு அடுக்குகள். அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அடுக்குகள் எல்லையில் நிற்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு! எல்லையில் நிற்கும் அணுவுக்கு ஒரு பக்கம் சொந்த இனத்து அணு இல்லை. அங்கே வெற்றிடமோ வேறு உலோகமோ இருக்கிறது. சுற்றுப்புறச் சமச்சீர் குலைந்துவிட்ட அந்த அணுவுக்கு, உள்ளே இருக்கும் அணுவுக்குப் பிடித்த திசை பிடிக்க வேண்டியதில்லை. இதை லூயி நீல் 1954-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். பின்னாளில், 1970-ல், காந்தவியல் பணிகளுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, படலம் மெலிய மெலிய மேற்பரப்பின் செல்வாக்கு கூடிக்கொண்டே போகிறது. மேற்பரப்பைத் தொட்டால் காந்தத்தையே தொட்டது போல. அயனிக்கற்றை இங்கே இவ்வளவு பொருத்தமான கருவியாக இருப்பது, அது தொடுவதும் அந்தச் சில நானோமீட்டர் ஆழத்தை மட்டும்தான் என்பதால்.

அயனி மோதினால் என்ன ஆகும்

வெற்றிடக் கலன் ஒன்றுக்குள் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு, மின்னிறக்கம் மூலம் அதன் அணுக்களிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் ஆர்கான் அயனி கிடைக்கும். மின்னேற்றம் இருப்பதால் அதை மின்னழுத்தம் கொண்டு முடுக்கலாம். 500 வோல்ட் கொடுத்தால் அயனியின் ஆற்றல் 500 எலக்ட்ரான் வோல்ட். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 49 கிலோமீட்டர். இதற்குப் பெரிய முடுக்கி எதுவும் தேவையில்லை. கையில் தூக்கக்கூடிய ஓர் அயனித் துப்பாக்கி போதும். இந்தத் துப்பாக்கிகளில் பரவலாகப் பயன்படும் ஒரு வகையை உருவாக்கியவர் ஹரால்ட் காஃப்மன். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் அவர் அதைச் செய்தது விண்கலங்களை உந்திச் செல்லும் எஞ்சினாகத்தான். கலத்தைத் தள்ளுவதற்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் கற்றையே ஆய்வகத்துக்கு வந்து அணுக்களைச் செதுக்கும் உளியாகிவிட்டது. தொழில்நுட்ப வரலாற்றில் இப்படிப்பட்ட இடமாற்றங்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

500 எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான் அயனி சிலிக்கானில் மோதினால் இரண்டு, மூன்று நானோமீட்டர் ஆழத்துக்குள் தன் ஆற்றலையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடும். முதலில் ஓர் அணுவை இடிக்கும், அது அடுத்ததை இடிக்கும், அது இன்னொன்றை. இந்த மோதல் தொடரில் சில அணுக்களுக்கு மேல்நோக்கி உதை கிடைக்கும். சிலிக்கான் மேற்பரப்பில் ஓர் அணுவைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவுதான். உதை அதற்கு மேல் இருந்தால் அணு வெளியே பறந்துவிடும். இப்படி அணுக்கள் தெறித்து வெளியேறுவதை ஸ்பட்டரிங் என்கிறார்கள். நிகர விளைவு, அயனிக்கு ஓரிரு அணு வீதம் மேற்பரப்பு அரிக்கப்படுகிறது.

இங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. சீரான கற்றையை ஒரு சமதளத்தின் மேல் பாய்ச்சினால் தளம் சீராகத் தேயும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் சாய்வாகப் பாய்ச்சும்போது, குறிப்பிட்ட கோணங்களில், தளம் தானாகவே வரிவரியாக நெளிந்துவிடுகிறது. 1962-ல் நவே, செல்லா, ஷப்ரோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்ணாடியில் இதைக் கண்டார்கள். வரைபடம் இல்லை, முகமூடித் தகடு இல்லை, எந்த இடத்தில் மேடு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் வரிகள் வந்தன.

ஏன் வருகின்றன என்பதற்கான முதல் தெளிவான விளக்கத்தை மார்க் பிராட்லியும் ஜேம்ஸ் ஹார்ப்பரும் 1988-ல் தந்தார்கள். அதற்கு அடித்தளம் 1969-ல் பீட்டர் சிக்மண்ட் அமைத்த ஸ்பட்டரிங் கோட்பாடு. சாரம் இதுதான்: அயனி தன் ஆற்றலைக் கொட்டுவது மோதிய புள்ளியிலேயே அல்ல, கொஞ்சம் உள்ளே போய். அந்த ஆற்றல் ஒரு முட்டை வடிவப் பகுதியில் பரவுகிறது. இப்போது மேற்பரப்பில் ஒரு சின்னப் பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடியில் இருக்கும் அணுவுக்கு இரு பக்கச் சரிவுகளிலும் விழுந்த அயனிகளின் ஆற்றல் மையங்கள் அருகில் இருக்கும். மேட்டின் உச்சியில் இருக்கும் அணுவுக்கு அவை தள்ளி இருக்கும். எனவே பள்ளம் மேட்டைவிட வேகமாக அரிக்கப்படும். பள்ளம் மேலும் பள்ளமாகும்.

இது மட்டும் நடந்தால் மேற்பரப்பு கண்டபடி கரடுமுரடாகிப் போயிருக்கும். எதிர்த்திசையில் இன்னொரு விசையும் வேலை செய்கிறது. மேற்பரப்பு அணுக்கள் நகர்ந்து போய்ப் பள்ளங்களை நிரப்பப் பார்க்கின்றன. மிக நெருக்கமான மேடுபள்ளங்களை இந்த நகர்வு உடனே அழித்துவிடும். மிக அகலமானவை வளர நெடுநேரம் பிடிக்கும். இடையில் ஏதோ ஓர் அலைநீளம்தான் எல்லாவற்றையும்விட வேகமாக வளரும். கடைசியில் நிலைப்பது அதுதான்.

பிராட்லி–ஹார்ப்பர் கோட்பாடு முழுக் கதையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அணுக்களை வெளியே தெறிக்க வைப்பதோடு, அயனிகள் அவற்றை மேற்பரப்பிலேயே முன்னோக்கித் தள்ளவும் செய்கின்றன. கார்ட்டரும் விஷ்ன்யாகோவும் 1996-ல் இதைக் கணக்கில் சேர்த்தார்கள். கற்றை செங்குத்துக்கு அருகில் இருக்கும்போது இந்தத் தள்ளல் தளத்தைச் சமப்படுத்துகிறது. அதனால்தான் சுத்தமான சிலிக்கானில் நேராகப் பாய்ச்சினால் வரிகள் வராமல் தட்டையாகவே இருக்கிறது. பின்னாளில் தெரியவந்த இன்னொரு சங்கதி: கலனின் சுவரிலிருந்து துளியளவு இரும்பு போன்ற உலோகம் தெறித்து வந்து மேற்பரப்பில் விழுந்தாலே போதும், வராத இடத்தில் வரிகள் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவுகள் முரண்பட்டதற்கு இந்த அழுக்கு ஒரு முக்கியக் காரணம்.

நடைமுறைச் செய்முறை எளிமையானது. 500 எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான், செங்குத்திலிருந்து 67 பாகை சாய்வு, சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁷ அயனிகளும் அதற்கு மேலும். சிலிக்கான் மேற்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 6.8 × 10¹⁴ அணு இடங்கள் இருக்கின்றன. அப்படியானால் ஒவ்வோர் அணு இடத்துக்கும் சுமார் 150 அயனிகள். இவ்வளவு அடி வாங்கிய பிறகு சுமார் 35 நானோமீட்டர் இடைவெளியில் வரிகள் கிடைக்கும். கற்றை வந்த திசைக்குக் குறுக்காக அவை ஓடும். கற்றையை மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும் அளவுக்குச் சாய்த்துவிட்டால் வரிகள் 90 பாகை திரும்பி, கற்றையின் திசையிலேயே ஓடும். அயனியின் ஆற்றலைக் கூட்டினால் பெரும்பாலும் வரிகளின் இடைவெளியும் கூடும். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தில் ஸ்டெஃபான் ஃபாக்ஸ்கோவும் சக ஆய்வாளர்களும் இந்த வகைத் தளங்களைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். 1999-லேயே அவர் கேலியம் ஆன்டிமனைடு மேற்பரப்பில் அறுகோண ஒழுங்கில் அமைந்த நானோ புள்ளிகளை இதே வழியில் உண்டாக்கிக் காட்டியவர்.

நெளிந்த தளத்தில் படலம்

நெளிந்த சிலிக்கான் தயார். அதன் மேல் காந்த உலோகத்தை ஆவியாக்கியோ ஸ்பட்டரிங் மூலமோ படிய வைத்தால், படலம் நெளி தகரக் கூரைபோல மேலும் கீழும் நெளிந்தபடியே படியும்.

இப்போது துருவங்களைத் தவிர்க்கும் விதிக்கு வருவோம். காந்தமாக்கம் வரிகளின் நீளவாக்கில் படுத்திருந்தால் அது எந்தச் சரிவிலும் முட்டாது; துருவம் இல்லை, செலவு இல்லை. வரிகளுக்குக் குறுக்கே நின்றால் ஒவ்வொரு சரிவிலும் முட்ட வேண்டியிருக்கும். ஒரு சரிவில் வடதுருவம், அடுத்த சரிவில் தென்துருவம் என்று வரிக்கு வரி துருவங்கள் முளைக்கும். அதற்கு ஆற்றல் செலவாகும் என்பதால் நீளவாக்கு எளிய அச்சாகவும் குறுக்குவாக்கு கடின அச்சாகவும் ஆகிவிடுகிறது.

இந்தச் செலவு எவ்வளவு என்று எர்ன்ஸ்ட் ஷ்லோமன் 1970-ல் கணக்கிட்டுவிட்டார். வரிகளை வேண்டுமென்றே யாரும் செய்யாத காலம் அது. படலங்களின் சொரசொரப்பு காந்தத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதே அவர் கேள்வி. அவர் காட்டிய உறவு: திசைச்சார்பின் வலிமை மேட்டின் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும், வரிகளின் அலைநீளத்துக்கும் படலத்தின் தடிமனுக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். பெர்மல்லாயின் நிறைவுக் காந்தமாக்கம் சுமார் 1 டெஸ்லா. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 3 நானோமீட்டர் வித்தியாசம் என்றால் வீச்சு 1.5 நானோமீட்டர், அதன் வர்க்கம் 2.25. அலைநீளம் 35, தடிமன் 10. மேல்முகத்தின் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால், கடின அச்சில் முழுவதும் திருப்பத் தேவையான புலம் = பை × 1 × 2.25 ÷ (2 × 35 × 10). விடை ஏறத்தாழ 0.01 டெஸ்லா, அதாவது 10 மில்லிடெஸ்லா. அடிமுகமும் நெளிந்திருப்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். சாதாரண வழவழப்பான பெர்மல்லாயில் இது அரை மில்லிடெஸ்லா அளவில்தான் இருக்கும். 3 நானோமீட்டர் மேடு, அதாவது பத்துப் பதினைந்து அணு உயரம், இருபது மடங்கு மாற்றத்தைக் கொண்டுவருகிறது. தென்னிந்தியாவில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதைப்போல 250 மடங்கு வலுவான புலம் கொடுத்தால்தான் இந்தப் படலம் குறுக்கே திரும்பும்.

வீச்சின் வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். மேட்டின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் திசைச்சார்பு நான்கு மடங்காகும். அயனிக்கற்றையின் ஆற்றல், கோணம், நேரம் மூன்றையும் மாற்றி உயரத்தையும் இடைவெளியையும் நம் விருப்பத்துக்கு வைக்க முடியும் என்பதால், காந்தத்தின் பிடிவாதத்தையும் ஒரு குமிழைத் திருகுவதுபோலச் சரிசெய்யலாம். வழக்கமாக இப்படியொரு திசைச்சார்பை உண்டாக்கப் படலத்தைக் காந்தப்புலத்தில் வைத்துச் சூடாக்குவார்கள், அல்லது உலோகக் கலவையையே மாற்றுவார்கள். இங்கே இரண்டும் தேவைப்படவில்லை.

இதை அளந்து பார்க்கும் முறையும் அழகானது. ஜான் கெர் 1877-ல் கண்டறிந்தபடி, காந்தமாக்கப்பட்ட பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் துளியூண்டு சுழலும். ஒரு பாகையில் சிறு பின்னம்தான், ஆனால் லேசரும் நல்ல தளவிளைவாக்கியும் இருந்தால் எளிதாக அளந்துவிடலாம். ஒளி உலோகத்தில் பத்து, இருபது நானோமீட்டருக்கு மேல் ஊடுருவாது என்பதால் மென்படலத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த முறை. வெளிப்புலத்தை முன்னும் பின்னுமாக மாற்றிக்கொண்டே சுழற்சியைப் பதிவு செய்தால் காந்தத் தயக்கக் கண்ணி கிடைக்கும். புலம் வரிகளின் நீளவாக்கில் இருந்தால் கண்ணி கிட்டத்தட்டச் செவ்வகம்: காந்தம் ஒரு குறிப்பிட்ட புலம் வரை அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாகத் திரும்பும். குறுக்கே வைத்தால் கண்ணி ஒடுங்கிச் சாய்ந்த கோடாகிவிடும்: காந்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும், புலத்தை எடுத்தால் மீண்டும் நீளவாக்குக்கே போய்விடும்.

மாதிரியைச் சில பாகைகள் வீதம் சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் புலத்தை நீக்கிய பிறகு மிஞ்சும் காந்தத்தை வட்ட வரைபடத்தில் குறித்தால் கோடு எட்டு என்ற எண்ணின் வடிவில் வரும். எட்டின் நீளம் வரிகளின் திசையைக் காட்டும், இடுப்பு குறுக்குத் திசையைக் காட்டும். எட்டு வந்துவிட்டது என்றால் ஒற்றை அச்சுத் திசைச்சார்பு உறுதி. நுண்ணோக்கியில் வரிகளைப் பார்க்காமலேயே அவை எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று காந்தத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கணக்கு எல்லா அளவிலும் ஒரே மாதிரிப் பொருந்தாது. படலம் தடிக்கத் தடிக்கப் பள்ளங்கள் நிரம்பி மேல்முகம் தட்டையாகும். அப்புறம் அடிமுகம் மட்டும்தான் வேலை செய்யும். வரிகளின் இடைவெளி மிகவும் அகலமாகிவிட்டால், குறுக்கே நிற்கும் காந்தமாக்கம்கூடத் தானே நெளிந்து சரிவுகளைத் தழுவிக்கொண்டு போய்விடும். அப்போது துருவங்கள் குறையும், திசைச்சார்பும் பலவீனமாகும். மாறாக, படலம் வெகு மெல்லியதாகவும் வரிகள் நெருக்கமாகவும் இருந்தால், சரிவுகளின் அணுப் படிக்கட்டுகளில் நிற்கும் அணுக்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. அண்டை அணுக்கள் குறைந்துபோன இந்தப் படிக்கட்டு அணுக்களின் விளைவு நீல் சொன்ன வகையைச் சேர்ந்தது. எந்தக் காரணம் எந்த இடத்தில் மேலோங்குகிறது என்பதைப் பிரித்தறிவதுதான் இந்தத் துறையில் ஆய்வுக்கட்டுரைகளின் பெரும்பகுதி.

தளத்தை நெளித்துவிட்டுப் படலம் போடுவதற்குப் பதிலாக, படலத்தைப் போட்டுவிட்டு அதையே நெளிக்கவும் செய்யலாம். இத்தாலியின் ஜெனோவாவில் மொரோனியும் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வகை. தாமிரப் படிகத்தின் மேல் கோபால்ட் படலம். அதை உரசும் கோணத்தில் அயனிக்கற்றை. முதலில் கோபால்ட்டின் முகத்தில் வரிகள் வந்தன, கூடவே ஒற்றை அச்சுத் திசைச்சார்பும் வந்தது. அரிப்பைத் தொடர்ந்தபோது பள்ளங்கள் தாமிரத்தைத் தொட்டு, படலமே தனித்தனி கோபால்ட் நானோ கம்பிகளாகப் பிரிந்தது.

செதுக்காமலும் மாற்றலாம்

அயனிக்கற்றையை இன்னொரு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பின் வடிவத்தைத் தொடாமல், உள்ளே புதைந்திருக்கும் எல்லைகளை மட்டும் கலைப்பது. 1998-ல் பாரிஸ் அருகே ஓர்சேயில் க்ளோத் ஷப்பேரும் சகாக்களும் செய்தது இந்தத் துறையின் திருப்புமுனை.

அவர்கள் எடுத்துக்கொண்டது கோபால்ட்–பிளாட்டினம் அடுக்குப் படலம். கோபால்ட் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில், மேலும் கீழும் பிளாட்டினத்தோடு கூரான எல்லை வைத்து நின்றால், அதன் காந்தமாக்கம் படலத்தின் தளத்தில் படுக்காமல் செங்குத்தாக எழுந்து நிற்கும். தட்டையான படலத்தில் செங்குத்தாக நிற்பதற்குத் துருவச் செலவு அதிகம் என்று மேலே பார்த்தோம். அந்தச் செலவையும் மீறி நிமிர்த்தி வைப்பது எல்லை அணுக்களின் திசைச்சார்பு.

இதன் மேல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஹீலியம் அயனிகளைப் பாய்ச்சினார்கள். ஹீலியம் லேசானது, கோபால்ட், பிளாட்டினம் போன்ற கனமான அணுக்களுக்கு அதனால் பெரிய உதை கொடுக்க முடியாது. படலத்தை ஊடுருவிக்கொண்டு கீழே உள்ள தகட்டுக்குள் ஆழமாகப் போய்த்தான் நிற்கும். போகிற வழியில் எப்போதாவது ஓர் அணுவை ஓரிரு அணு தூரம் நகர்த்தும், அவ்வளவுதான். ஆனால் நகரும் அணு எல்லையில் இருந்தால் கோபால்ட் பிளாட்டினத்துக்குள்ளும் பிளாட்டினம் கோபால்ட்டுக்குள்ளும் இடம் மாறும். கூரான எல்லை மழுங்கும். அயனிகளின் எண்ணிக்கை கூடக் கூடச் செங்குத்துத் திசைச்சார்பு படிப்படியாகக் குறைந்து, கடைசியில் காந்தமாக்கம் தளத்துக்குள் படுத்துவிடும். மேற்பரப்போ அநேகமாக முன்பிருந்த அதே வழவழப்பில் இருக்கும்.

அந்த வழவழப்பு ஏன் முக்கியம்? வன்தட்டின் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. துணுக்குகளை மேடாகச் செதுக்கி வைத்தால் முனை தடுமாறும். முகமூடி வழியாக ஹீலியத்தைப் பாய்ச்சினால் தட்டையான தளத்திலேயே காந்தத் தீவுகள் உருவாகும். அந்த நம்பிக்கையில் பல ஆய்வகங்கள் இதில் இறங்கின. வன்தட்டுத் தொழில் பிறகு வேறு பாதையில் போனது: 2005-ல் தோஷிபா செங்குத்துப் பதிவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அப்புறம் சீகேட் லேசரால் சூடாக்கி எழுதும் முறையை எடுத்துக்கொண்டது. அயனி வடிவமைப்பு அங்கே நிலைபெறவில்லை. ஆனால் காந்தச் சுவர்களை, அதாவது வெவ்வேறு திசையில் நிற்கும் காந்தப் பகுதிகளுக்கு இடையிலான எல்லைகளை, நகர்த்தும் சோதனைகளிலும், அணுக் காந்தங்களின் ஆட்டம் அலையாகப் பரவும் சுழற்சி அலை ஆய்வுகளிலும் இன்று இதைவிட வசதியான கருவி கிடைப்பது அரிது என்பது என் கருத்து.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது இரும்பு–அலுமினியத்தின் கதை. நூற்றுக்கு 60 அணு இரும்பு, 40 அணு அலுமினியம் என்ற கலவையை ஒழுங்காக அடுக்கினால், அதில் பாதிக்கு மேல் இரும்பு இருந்தும் அறை வெப்பநிலையில் அது ஃபெர்ரோ காந்தம் அல்ல. காரணத்தை எண்ணியே பார்த்துவிடலாம். ஒவ்வோர் அணுவுக்கும் எட்டு நெருங்கிய அண்டை அணுக்கள். இரும்புக்கு ஓர் இடவரிசை, அலுமினியத்துக்கு ஓர் இடவரிசை என்று நூறு இடங்களைச் சரிபாதியாகப் பிரித்தால், 50 இரும்பு தன் வரிசையில் அமரும். மிச்சமுள்ள 10 இரும்பு அலுமினிய வரிசையில் இடம் பிடிக்கும். முதல் 50-க்கு எட்டு அண்டைகளில் சராசரியாக 1.6 மட்டுமே இரும்பு. மற்ற 10-க்கு எட்டுமே இரும்பு. மொத்தச் சராசரி 2.67. இதுவே அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தால் எட்டில் 60 விழுக்காடு, அதாவது 4.8 அண்டைகள் இரும்பாக இருக்கும். இரும்புக்கு அருகே இரும்பு போதுமான அளவு வந்ததும் கலவை ஃபெர்ரோ காந்தமாகிவிடுகிறது.

ஒழுங்கைக் குலைக்க அயனிக்கற்றையே போதும். ட்ரெஸ்டனில் ரந்தேஜ் பாலியும் கூட்டாளிகளும் 2014-ல் நியான் அயனிகளைக் கொண்டு இதைச் செய்தார்கள். அயனி பட்ட இடம் காந்தம், படாத இடம் காந்தமற்றது. மெல்லிய கற்றையை விரும்பிய தடத்தில் ஓட்டினால் ஒரே படலத்துக்குள் காந்தக் கோடுகளை எழுதிவிடலாம். எழுதியதைச் சூடாக்கினால் அணுக்கள் பழைய இடவரிசைக்குத் திரும்பி, காந்தம் மறைந்துவிடும்.

இவ்வளவு சொன்னபின் சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும். தானாக உருவாகும் வரிகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதில்லை. ஆங்காங்கே ஒரு வரி இரண்டாகக் கிளைக்கும், இன்னொன்று பாதியில் நின்றுவிடும். காந்தம் திரும்பத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் குறைகளில்தான். கேலியம் அயனிகளின் கூரான கற்றையால் செதுக்கினால் புள்ளி புள்ளியாகத் துல்லியம் கிடைக்கும், ஆனால் கேலியம் அணுக்களே படலத்துக்குள் தங்கி அதன் குணத்தைக் கெடுக்கும். கற்றை ஒவ்வொரு புள்ளியாகப் போக வேண்டும் என்பதால் நேரமும் அதிகம். நெளிந்த சிலிக்கானைக் காற்றில் எடுத்தால் அதன் மேல் ஆக்சைடு படியும். அது பெரும்பாலும் வரிகளைக் கெடுப்பதில்லை. உலோகம் சிலிக்கானோடு வினைபுரியாமல் தடுக்கும் சுவராகக்கூடப் பயன்படும்.

மாணவர்கள் இதை வீட்டுக் கணினியிலேயே தொட்டுப் பார்க்கலாம். ஜேம்ஸ் சீக்லரும் சகாக்களும் உருவாக்கிய ஸ்ரிம் என்ற மென்பொருள் இலவசம். முதலில் 500 எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான், இலக்கு சிலிக்கான், சாய்வு 67 பாகை என்று கொடுத்து ஓட்டுங்கள். தடங்கள் எல்லாம் மேல் சில நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஓர் அயனிக்கு எத்தனை அணு தெறிக்கிறது என்ற எண்ணும் திரையில் வரும். அடுத்து 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஹீலியம். சிலிக்கானின் மேல் சில நானோமீட்டர் பிளாட்டினம், கோபால்ட், மறுபடி பிளாட்டினம் என்று அடுக்கி, கற்றையை நேராக விடுங்கள். இம்முறை தடங்கள் படலத்தைக் கடந்து சிலிக்கானுக்குள் சில நூறு நானோமீட்டர் ஆழத்தில்தான் முடியும். கோபால்ட் அடுக்கில் எத்தனை அணுக்கள் இடம் மாறின என்ற வரைபடத்தைத் திறந்து, ஷப்பேர் குழு பயன்படுத்திய அளவான சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴ முதல் 10¹⁶ வரையிலான அயனி எண்ணிக்கையால் பெருக்கினால், எல்லையில் நிற்கும் அணுக்களில் எவ்வளவு பங்கு நகர்ந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.